கைகளால் கற்ற மேதை ஜி. டி. நாயுடு



இற்றைக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னர், தமிழகத்தின் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஒரு நாள் புழுதி பறந்தது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல், பெரும் ஓசையுடன் ஒரு வண்டி அவ்வூர்ப் பாதையில் வந்தது. அதன்மேல் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அமர்ந்திருந்தார். வயலில் வேலை செய்துகொண்டிருந்த இளைஞன் ஒருவன் அதனைக் கண்டு திகைத்து நின்றான். ஊரார் பலரும் அவ்வண்டியைக் கண்டனர், வியந்தனர், பின்னர்த் தத்தம் வேலைக்குத் திரும்பினர். அந்த இளைஞனுக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. அந்த வண்டி எதனால் ஓடுகிறது என்னும் கேள்வி அவன் நெஞ்சைவிட்டு அகலவே இல்லை.

அவனே பிற்காலத்தில் ஜி. டி. நாயுடு என்று உலகம் அறிந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு. நம் பள்ளிச் சாரணச் சிறுவர்கள் கயிறும் மூங்கிலும் கொண்டு பாலம் கட்டுவதையும், பழைய கடிகாரத்தைப் பிரித்துப் பார்ப்பதையும் கண்டு, இவையெல்லாம் பாடமா, விளையாட்டா என்று சில பெற்றோர் ஐயுறுவதுண்டு. அவர்களுக்காகவும் இப்பெரியாரின் வரலாறு இங்கே எழுதப்படுகின்றது.

நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் உழவர். தாயாரை இளமையிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியரின் முகத்தில் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிவிட்டார் என்றும் கூறுவர். எவ்வாறாயினும், தொடக்கப்பள்ளியின் கீழ்வகுப்புகளோடு அவருடைய பள்ளிப்படிப்பு நின்றுபோயிற்று என்பது உண்மை. இதனைப் படித்துவிட்டு, நாமும் அவ்வாறே செய்யலாமே என்று எந்த மாணவனும் எண்ணிவிட வேண்டா! வயலுக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கே தமிழ் நூல்களைத் தாமாகவே தேடித் தேடிப் படித்தார். பள்ளியை விட்டாரே அன்றிப் படிப்பை விட்டாரில்லை. மேலும், அவர் தம் ஐம்பதாம் வயதை அடுத்துச் செய்த ஒரு செயலைப் பின்னர்க் காண்போம். அதனையும் அறிந்த பிறகே அவர் பள்ளியை விட்டதைப் பற்றி நாம் முடிவு செய்தல் முறையாகும்.

அவர் கண்ட வண்டி ரட்ஜ் என்னும் இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். அதுபோன்ற ஒன்றை வாங்கியே தீர்வது என்று உறுதி பூண்டு, வீட்டைவிட்டுக் கோயம்புத்தூர் நகருக்குச் சென்றார். கையில் பணமில்லை, கைத்தொழில் ஒன்றும் தெரியாது. ஓர் உணவுக்கடையில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். இலை போட்டு, நீர் வைத்து, மேசை துடைத்துக் கிடைத்த சிறு ஊதியத்தைக் காசு காசாகச் சேர்த்தார். இவ்வாறு சில ஆண்டுகள் உழைத்த பின்னர் அவர் விரும்பிய வண்டி அவர் கைக்கு வந்தது.

வேறு இளைஞராயின் என்ன செய்திருப்பர்? புது வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வந்திருப்பர். நாயுடு அதனைத் துண்டு துண்டாகக் கழற்றினார்! பல ஆண்டு உழைப்பின் பயன் முழுவதும் திருகாணிகளாகவும் சக்கரங்களாகவும் தரையில் பரவிக் கிடந்தது. மீண்டும் பூட்டத் தெரியாமற் போனால் அத்தனையும் வீண். அந்த அச்சம் அவருக்கு இல்லாமல் இருந்திருக்குமா? இருந்திருக்கும். ஆயினும் கழற்றினார். எந்த உறுப்பு எதனோடு பொருந்துகிறது, எது எதனைத் தள்ளுகிறது, எண்ணெய் எவ்வழியே செல்கிறது, நெருப்புப் பொறி எங்கே பிறக்கிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பிறகு பூட்டினார். வண்டி ஓடிற்று. நாயுடு கற்ற பொறியியற் கல்லூரி அதுவே.

இடையிலே அவருடைய வாழ்வில் ஏற்றமும் இறக்கமும் வந்தன. முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சுத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டினார். அதனைப் பெருக்க எண்ணிப் பம்பாய்க்குச் சென்று, பஞ்சு வணிகத்தில் ஈட்டியதை இழந்தார். வெறுங்கையராய் ஊர் திரும்பினார்.

அப்பொழுது கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேய வணிகர் இருந்தார். நாயுடுவின் உழைப்பையும் நாணயத்தையும் அறிந்த அவர் உதவியதால் ஒரு பேருந்து கிடைத்தது. 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒற்றைப் பேருந்து ஓடத் தொடங்கிற்று. வண்டி பழுதுற்றால் மற்ற முதலாளிகள் ஆள் தேடுவர். நாயுடு சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாமே வண்டிக்கு அடியில் புகுவார். ஒன்று சில ஆண்டுகளில் பலவாயிற்று. யு. எம். எஸ். என்று மக்கள் அழைத்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் இவ்வாறு பிறந்தது. நேரம் தவறாமைக்கும் ஒழுங்குக்கும் பெயர்பெற்ற பேருந்து நிறுவனமாக அது நாடெங்கும் புகழ்பெற்றது. பயணச்சீட்டு வழங்கும் பொறி முதலிய புதுமைகளையும் அவர் தம் பேருந்துத் தொழிலுக்காக உருவாக்கினார்.

மாணவர்களே, நாயுடுவின் பணிகளுள் நம் சாரணச் சிறுவர்கள் தம் கைகளாலேயே செய்துபார்க்கத்தக்க ஒன்று உண்டு. அது மின்மோட்டார்.

நீலகிரி மலையிலுள்ள பைக்காராவில் அருவிநீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் கோயம்புத்தூர்ப் பகுதிக்கு வந்தது. கோயம்புத்தூரோ வானம் பார்த்த பூமி. கிணறுகள் மிக ஆழமானவை. மாடுகளைப் பூட்டிக் கவலை இறைத்துக் களைத்துப்போன உழவர்களுக்கு மின்மோட்டார் பெரிய வரமாக அமையக்கூடியது. ஆனால் மோட்டார்கள் அயல்நாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தன. அவற்றை இங்கேயே செய்தால் என்ன என்று நாயுடு எண்ணினார். டி. பாலசுந்தரம் நாயுடு என்னும் பொறியியல் வல்லுநரோடு சேர்ந்து, பீளமேட்டிலிருந்த நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையில் 1937-ஆம் ஆண்டு மின்மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவிலேயே செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. அந்தப் பாலசுந்தரமே பின்னர் டெக்ஸ்டூல் என்னும் பெரிய நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றும் மோட்டாருக்கும் நீரிறைக்கும் பம்புக்கும் கோயம்புத்தூர் பெயர்பெற்று விளங்குகிறது. நம் வீடுகளில் மாவரைக்கும் மின் ஆட்டுக்கல்லுங்கூடப் பெரும்பாலும் அவ்வூரிலிருந்தே கப்பலேறி வருகிறது. தோசை உண்ணும்போது இதனை நினைத்துக்கொள்ளலாம்!

அத்தகைய மோட்டாரின் குட்டித் தம்பி ஒன்றைச் செய்யும் முறை வருமாறு. சாரணர் அணியில் இருவர் இருவராகச் சேர்ந்து செய்தால் எளிது.

பெரிய அளவுள்ள உலர் மின்கலம் ஒன்று, ஊக்குகள் இரண்டு, அகன்ற ரப்பர் வளையம் ஒன்று, பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்ததைப் போன்ற வட்டக் காந்தம் ஒன்று, எனாமல் பூசிய செப்புக் கம்பி ஒன்றரை மீட்டர், சிறிது மணல்தாள் ஆகியவை போதும். செப்புக் கம்பியை மின்கலத்தின் உடலைச் சுற்றிப் பத்து முறை சுற்றிக் கழற்றினால் வட்டமான சுருள் கிடைக்கும். சுருள் குலையாதபடி இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஓரிரு சுற்றுச் சுற்றி முடிந்து, இருபுறமும் கை நீட்டியதைப்போல நேராக நீட்டிவிட வேண்டும். ஊக்குகளை மின்கலத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொன்றாக நிறுத்தி, ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். (அந்த ரப்பர், நம் பாட்டன்மார் விடியற்காலையில் சீவிய பால்மரத்தின் கொடை என்பதை மறவாதீர்!) காந்தத்தை மின்கலத்தின் உடல்மீது, ஊக்குகளுக்கு நடுவே வைக்க வேண்டும்.

இனித்தான் நுட்பம் இருக்கிறது. கம்பியின்மேல் பூசிய எனாமல் மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஆகவே ஒரு முனையில் எனாமலைச் சுற்றிலும் முற்றாகச் சுரண்டிவிட வேண்டும். மற்ற முனையிலோ, சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் மேற்பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். கீழ்ப்பாதியில் எனாமல் அப்படியே இருக்க வேண்டும். பிறகு இரு முனைகளையும் ஊக்குகளின் துளைகளில் நுழைத்து, சுருளை விரலால் மெல்லத் தட்டிவிட்டால் அது விர்ரென்று சுழலும்.

ஒரு முனையில் பாதியை மட்டும் சுரண்டுவது ஏன்? மின்சாரம் பாயும்போது சுருளும் ஒரு காந்தமாகிவிடுகிறது. கீழேயுள்ள காந்தம் அதனைத் தள்ளுகிறது. சுருள் அரைச் சுற்றுச் சுற்றுகிறது. மின்சாரம் அப்பொழுதும் பாய்ந்துகொண்டே இருந்தால், அதே காந்தம் அதனைப் பின்னோக்கி இழுத்து நிறுத்திவிடும். அந்த வேளையில் எனாமல் உள்ள பாதி ஊக்கின்மேல் வந்து மின்சாரத்தைத் தடுக்கிறது. இழுப்பார் இல்லை, ஆகவே முன்பெற்ற வேகத்தால் சுருள் மீதி அரைச் சுற்றையும் முடிக்கிறது. மறுபடியும் மின்சாரம் பாய்கிறது, மறுபடியும் தள்ளுகிறது. ஊஞ்சலில் இருக்கும் தங்கையை அண்ணன் ஏற்ற வேளையில் மட்டும் தள்ளிவிடுவது போன்றதே இது. தவறான வேளையில் தள்ளினால் ஊஞ்சல் நின்றுவிடும் அல்லவா?

முதல் முறையே சுழலாவிட்டால் மனம் தளர வேண்டா. பெரும்பாலும் எனாமல் சரியாகச் சுரண்டப்படாமல் இருக்கும். அல்லது சுருள் ஒருபுறம் கனத்திருக்கும். திருத்திப் பார்க்கலாம். சுழலாத சுருளை மின்கலத்தில் அப்படியே விட்டுவிட்டால் கம்பி சூடேறிக் கையைச் சுடும். ஆகையால் உடனே எடுத்துவிட வேண்டும். வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தில் எக்காரணம் கொண்டும் இதனைச் செய்துபார்க்கவே கூடாது.

நாயுடுவும் உலர் மின்கலத்தில் ஓடும் சிறிய மோட்டாரைக் கொண்டு ஓர் அரிய பொருளைச் செய்தார். அதுவே ரேசண்ட் என்னும் முகம் மழிக்கும் மின்கருவி. ஐரோப்பாவுக்குச் சென்று, ஜெர்மானியத் தொழிற்சாலைகளையும் கண்டு திரும்பியவர் அவர். மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஏமாற்ற இயலாத வாக்குப்பதிவுப் பொறி, படக்கருவியில் தொலைவைச் சரிசெய்யும் கருவி என்று அவர் ஆக்கிய பொருள்களின் பட்டியல் நீள்கிறது. படமெடுப்பதிலும் அவருக்குப் பெருவிருப்பம். 1936-ஆம் ஆண்டு இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே திரைப்படமாக எடுத்துவந்தார்.

மண்ணெண்ணெய் விசிறியை எண்ணும்போது நம் தோட்டப்புற முதியோர்க்குப் பழைய நினைவுகள் வரக்கூடும். லயத்து வீடுகளில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் பிள்ளைகள் படித்த காலம் ஒன்றிருந்தது. விளக்கெரியும் வீட்டில் காற்றும் வீசினால் நன்றல்லவா? இல்லாதவன் வீட்டில் எது இருக்கிறதோ அதைக் கொண்டே அவனுக்கு வேண்டியதைச் செய்து தரலாம் என்பது நாயுடுவின் போக்கு. ஏழைக்கு எட்டாத பொருள் அவருக்குப் பிடிப்பதில்லை. 1941-ஆம் ஆண்டில் ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தம்மால் செய்து தர இயலும் என்று அறிவித்தார். 1952-ஆம் ஆண்டில் இருவர் அமரத்தக்க சிறிய பெட்ரோல் காரை உருவாக்கி, இரண்டாயிரம் ரூபாய் விலையில் தரலாம் என்றார். ஆனால் அதனைத் தயாரிக்க அரசாங்கத்தின் உரிமம் கிடைக்கவில்லை; கார்த் திட்டம் நின்றுபோயிற்று.

வரியும் உரிமமும் தம் கைகளைக் கட்டுகின்றன என்று அவர் உள்ளம் புழுங்கினார். 1950-களில் தாம் ஆக்கிய பொருள்களைத் தாமே மக்கள் முன்னிலையில் உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். அவருடைய நண்பர்களே இதனை ஏற்கவில்லை. இதனை எழுதும் நமக்கும் மனம் ஒப்பவில்லை. ஒரு வானொலிப் பெட்டியைச் செய்ய எத்தனை விரல்கள் உழைத்திருக்கும்! இருந்தபோதிலும், மகனைப்போல் வளர்த்த பொருளின்மேல் தாமே சம்மட்டியை ஓங்க வேண்டுமானால் அவர் நெஞ்சு எவ்வளவு கொதித்திருக்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

முன்னர்க் கூறுவோம் என்ற செயலுக்கு இப்பொழுது வருவோம். 1944-ஆம் ஆண்டின் இறுதியில் நாயுடு தம் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, அறப்பணிகளில் ஈடுபட்டார். ஆராய்ச்சி மாணவர்க்கும், தம் தொழிலாளர்க்கும், தாழ்த்தப்பட்டோர்க்கும் உதவித் திட்டங்களை அறிவித்தார். 1945-ஆம் ஆண்டில், அக்காலச் சென்னை மாகாண ஆளுநரின் பெயர் தாங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பப் பள்ளியும், அதனைத் தொடர்ந்து ஆர்தர் ஹோப் பொறியியற் கல்லூரியும் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோயம்புத்தூரில் எழுந்தன. அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. மூன்று வகுப்பளவும் முழுமையாய்ப் படியாதவர் ஒரு பொறியியற் கல்லூரிக்கு முதல்வராகவும் அமர்ந்தார் என்றால் வியப்பன்றோ!

அங்கும் அவர் தம் வழியையே நாடினார். பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் வேண்டா, பட்டறையிலேயே கருவியைக் கையில் கொடுத்துக் கற்பித்தால் இரண்டே ஆண்டுகள் போதும் என்பது அவர் கருத்து. ஆட்சியாளர் அதனை ஏற்கவில்லை. நாயுடு பதவியைத் துறந்தார். இவ்வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்றே தோன்றுகிறது. பாலம் கட்டுகிறவன் கணிதத்தை அரைகுறையாய்க் கற்றால் பாலத்தின்மேல் செல்வோரின் உயிருக்கு யார் பொறுப்பு? அதுபோலவே, நான்கு ஆண்டுகள் படித்தும் ஒரு திருகாணியைக் கழற்றத் தெரியாதவனால் யாருக்கு என்ன பயன்? எப்படியாயினும், தாம் இழந்த பள்ளியைப் பிறர் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்க அவர் தம் செல்வத்தைச் செலவிட்டார். பள்ளிப்படிப்பே வேண்டாமென்று எண்ணியவர் இதனைச் செய்திருக்க மாட்டார்.

உழவர் மகனாகிய அவர் உழவையும் மறந்தாரில்லை. பருத்தி, பப்பாளி முதலியவற்றில் ஆராய்ச்சிகள் செய்து, ஆள் உயரத்தையும் கடந்து வளரும் பருத்திச் செடிகளை விளைவித்தார். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் போன்ற அறிஞரும் நாயுடுவின் பன்முக ஆற்றலை வியந்து பாராட்டினர். எனினும் இறுதிவரை அவர் தோற்றத்தில் எளியவர். வெள்ளை வேட்டியும் சட்டையுமே அவருடைய உடை.

இங்கே சாரணர் இயக்கத்தைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் 1907-ஆம் ஆண்டு பேடன் பவல் பிரபு ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு முதல் முகாமை நடத்தினார். மறு ஆண்டே நம் மலாயாவில் பினாங்கு மாநிலத்தில் சாரணர் படை தோன்றிவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் கலங்கல் வயலோரம் நாயுடு அந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் சிறுவன் கையால் செய்து கற்க வேண்டும் என்னும் ஒரே எண்ணம், ஒருவர் உள்ளத்தில் இயக்கமாகவும் மற்றவர் உள்ளத்தில் தொழிலாகவும் முளைத்தது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பழுதாகிக் குப்பைக்குப் போகும் கடிகாரமோ, மின்விசிறியோ, மிதிவண்டியோ வீட்டில் இருந்தால், மின்தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பிள்ளையின் கையில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டியை மட்டும் கொடுத்துவிட வேண்டா. அணைத்த பின்னரும் அதனுள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். செராஸ் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. தோட்டத்துப் பட்டறையில் அப்பா வண்டி பழுதுபார்ப்பதை அருகே நின்று பார்த்துக் கற்ற வாய்ப்பு, மாடி வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. ஒரு திருப்புளியையும் ஒரு பழைய கடிகாரத்தையும் கொடுத்துவிட்டு, கழற்றிய ஒழுங்கிலேயே உறுப்புகளைத் தாளின்மேல் வரிசையாய் வைக்கச் சொல்லுங்கள். மீண்டும் பூட்டும்போது இரண்டு திருகாணிகள் மிஞ்சினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாயுடு 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் காலமானார். அவர் தொடங்கிய தொழிற் கண்காட்சி கோயம்புத்தூர் அவினாசி சாலையில் அவர் பெயரால் விளங்குகிறது. பழங்காலக் கார்களைக் கொண்ட ஜிடி கார் அருங்காட்சியகமும் 2015-ஆம் ஆண்டில் அதே சாலையில் திறக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் அச்சாலையின்மேல் எழுந்த பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்குத் தமிழக அரசு ஜி. டி. நாயுடுவின் பெயரையே சூட்டியது. பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் தமிழகம் செல்லும் மாணவர்கள் கோயம்புத்தூரில் இறங்கினால், விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்லும் வழி அதுவே.